புகைக்குழலின் குரல்

சென்னை மாநகரின் வடபால், இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலோரமாகச் செல்லும் பகுதி ஓசை மிக்கது. ஒருபால் ஓயாத அலையோசை. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்தில் விசைப்படகுகளின் படபடப்பு. மறுபால் துறைமுகத்தை நோக்கிப் பெட்டகங்களைச் சுமந்து செல்லும் பெரிய லாரிகளின் உறுமல். தென்னாட்டின் முதற் பயணிகள் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள் புறப்பட்டதும் இந்த இராயபுரத்திலிருந்தேயாம். நீராவியின் ஓசையை அன்று கேட்டு வியந்த இவ்வட்டாரம், ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் மோட்டார் வண்டிகள் உருவாகும் களமாயிற்று. 1948ஆம் ஆண்டில் ரகுநந்தன் சரண் என்பார் நிறுவிய அசோக் மோட்டார்ஸ், முதலில் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி அமைத்தது; பின்னர் இங்கிலாந்தின் லேலண்டு நிறுவனத்தோடு இணைந்து, 1955 முதல் அசோக் லேலண்டு என்னும் பெயருடன் லாரிகளையும் பேருந்துகளையும் செய்யலாயிற்று. அதே 1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூரில் எழுந்த அதன் ஆலையிலிருந்தே புல்லட் என்னும் மோட்டார் சைக்கிள் நாடெங்கும் சென்றது. தாய்நாட்டில் அத்தொழில் அற்றுப்போன பின்னரும் திருவொற்றியூரில் அது தழைத்து நின்றமை வியப்புக்குரியது.

வண்டி பிறக்கும் ஊரில் வண்டிக்கு மருத்துவம் செய்வோரும் பலராய் இருப்பது இயல்பு. நெடுஞ்சாலையின் இருமருங்கும் சிறியவும் பெரியவுமான பட்டறைகள் உள்ளன. அவற்றில் கைதேர்ந்த மேஸ்திரி ஒருவரைக் கவனித்தால் ஒன்று புலனாகும். வண்டி வந்து நின்றதும் அவர் கருவிகளை எடுப்பதில்லை. சற்று விலகி நின்று, தலையைச் சாய்த்து, காது கொடுக்கிறார். ஓட்டி வந்தவரிடம், “இவ்வோசை எப்பொழுது முதல் கேட்கிறது? காலையில் மிகுதியா, வெயில் ஏறிய பின் மிகுதியா? பாரம் ஏற்றினால் கூடுகிறதா?” என்று வினவுகிறார். பிறகுதான் கீழே குனிகிறார். அவர் கேட்கும் அவ்வோசை பெரும்பாலும் புகைக்குழலிலிருந்து வருவது. அஃது எவ்வாறு பிறக்கிறது, அதில் இயல்பு எது, பழுது எது, பழுதை நீக்கும் வழி யாது என்பன அறியத் தக்கன.

தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்றோர் இயல் உண்டு. கொப்பூழிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அங்குக் கூறப்படும் கருத்து. காற்று ஒன்றே, அது கடந்துவரும் வழியும் தடையுமே ஒலியை வேறுபடுத்துகின்றன. மோட்டார் வண்டியின் குரலும் இம்முறையிலேயே பிறக்கிறது. எஞ்சினின் உருளைக்குள் எரிபொருள் எரிகின்றது. விரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளுகின்றது. வேலை முடிந்ததும் வெளிப்போக்கு வால்வு திறக்கின்றது. அந்நொடியிலும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு இருக்கும். வெப்பமோ பல நூறு பாகை. எனவே அது மெல்ல நழுவி வருவதில்லை, வெடித்துப் பாய்கிறது. அப்பாய்ச்சல் ஒவ்வொன்றும் ஓர் ஒலித்துடிப்பு.

இத்துடிப்புகளை எண்ணிப் பார்த்தல் எளிது. நான்கு வீச்சு எஞ்சினில், சுழல்தண்டு இருமுறை சுற்றினால் ஓர் உருளை ஒருமுறை வெடிக்கும். பழைய புல்லட்டுக்கு உருளை ஒன்றே. அதன் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறியிறங்கும் வீச்சு 90 மில்லிமீட்டர். ஆகவே கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். மாணவர்கள் கணக்கிட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். வண்டி நின்றபடி நிமிடத்திற்கு 900 சுற்றுச் சுற்றினால், 450 வெடிப்பு. அதாவது நொடிக்கு ஏழு அல்லது எட்டு. இவ்வளவு மெல்ல வருவதால் ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியே காதில் விழுகிறது. புல்லட்டுக்கே உரிய அந்த ‘டுக் டுக்’ ஒலி இதனால் வந்ததே. ஆறு உருளை கொண்ட லாரி எஞ்சின் நிமிடத்திற்கு 1500 சுற்றில் 4500 முறை வெடிக்கிறது, நொடிக்கு 75. அங்கே துடிப்புகள் ஒன்றோடொன்று இழைந்து ஒரே முழக்கமாகிவிடுகின்றன.

இம்முழக்கத்தை அடக்குவதற்கென அமைந்ததே ஒலியடக்கி. தொழிலாளர் இதனைச் சைலன்சர் என்பர். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரீவ்ஸ் உடன்பிறந்தார் 1897ஆம் ஆண்டில் எஞ்சினுக்கான ஒலியடக்கி ஒன்றிற்கு உரிமை பெற்றனர். பின்னர் ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் துப்பாக்கியின் ஓசையை அடக்கும் கருவியைச் செய்து, அதே நெறியை எஞ்சின்களுக்கும் பயன்படுத்தினார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்து உலகை அதிரச் செய்தவர் அவருடைய தந்தை. தந்தை எழுப்பிய ஓசையை மைந்தர் தணிக்க முயன்றார் போலும்!

ஒலியடக்கி வெறும் தகரக் கூடு அன்று. உள்ளே தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழல்களும் அறை அறையாக அமைந்திருக்கும். ஒடுங்கிய குழலிலிருந்து அகன்ற அறைக்குள் வாயு புகும்போது அதன் வேகமும் அழுத்தமும் தணிகின்றன. ஒலியலையின் ஒரு பகுதி தடுப்பில் மோதித் திரும்பி, எதிரே வரும் அலையோடு மோதி அழிகிறது. மேடும் பள்ளமும் பொருந்தினால் சமன்தரை ஆவதுபோல, ஓர் அலையின் முகடும் மற்றோர் அலையின் பள்ளமும் சேர்ந்து ஒலி குன்றுகிறது. சில ஒலியடக்கிகளில் கண்ணாடி இழையை அடைத்து எஞ்சிய ஒலியையும் உறிஞ்சச் செய்வர். ஆகவே உள்ளேயுள்ள ஒரு தகடு கழன்றாலும், அறையில் ஒரு துளை விழுந்தாலும், இக்கணக்கு முழுவதும் பிழைபட்டுவிடும்.

இனிப் பழுதறிதல். எதனையும் பழுது என்று சொல்வதற்கு முன்னர் இயல்பு இன்னதென்று அறிதல் வேண்டும். ஓர் உருளை எஞ்சினில் பிஸ்டன் ஏறியிறங்குவதால் எழும் அசைவை முற்றும் சமன்செய்ய இயலாது. எனவே பழைய புல்லட்டில் கைப்பிடியும் கால்மிதியும் ஓரளவு அதிர்வது அதன் பிறவிக் குணம். அதனைப் பழுதென்று எண்ணி, கண்ட திருகாணிகளையெல்லாம் இறுக்குவோர் வண்டியைக் கெடுப்பர். குளிர்ந்த காலைப்பொழுதில் புகைக்குழலின் நுனியிலிருந்து நீர் சொட்டுவதும் வெண்ணிற ஆவி சிறிது எழுவதும் இயல்பே. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆயினும் அஃது உண்மை. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாக வெளிவருகிறது. அந்நீர் தேங்காமல் வடிவதற்காகச் சில ஒலியடக்கிகளின் அடிப்புறத்தில் ஊசித்துளை ஒன்று இட்டிருப்பர். இதனை அறியாத சிலர், துளை விழுந்துவிட்டதென்று பற்றவைத்து அடைத்துவிடுவதும் உண்டு. நோயில்லாத இடத்தில் செய்த மருத்துவம் அது. வடிய வழியற்ற நீர் உள்ளே தங்கி, சில மழைக்காலங்களுக்குள் ஒலியடக்கியையே அரித்துவிடும்.

தமிழ் இலக்கணம் பயில்வோர் இயல்புப் புணர்ச்சி, விகாரப் புணர்ச்சி என்னும் இரண்டையும் அறிவர். விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று வகைப்படும். பட்டறையில் இச்சொற்கள் வழங்குவதில்லை. ஆனால் மேஸ்திரியின் காது இம்மூன்றையுமே தேடுகிறது. இல்லாத ஓசை புதிதாக வந்ததா? இருந்த ஓசை மாறியதா? இருக்க வேண்டிய ஓசை குறைந்ததா? மூன்றாவதை மக்கள் நோயென்றே கருதுவதில்லை.

தோன்றல் வகையில் முதன்மையானது கசிவோசை. எஞ்சினின் பல வாய்களிலிருந்து வரும் வாயுவை ஒன்றாகத் திரட்டும் வார்ப்பிரும்புக் குழலை மேனிபோல்டு என்பர். எஞ்சினுக்கும் அதற்கும் இடையே கேஸ்கட் என்னும் இடைத்தகடு இருக்கும். அத்தகடு கருகினாலோ, இறுக்கும் திருகாணி ஒன்று முறிந்தாலோ, வாயு பக்கவாட்டில் பீறிடும். அப்போது ‘டிக் டிக்’ என்று விரைந்த ஓசை கேட்கும். வால்வின் இடைவெளி மிகுந்தாலும் இதே போன்ற ஓசை எழுவதுண்டு. புதியவர் இவ்விரண்டையும் மயங்குவர். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மிகுந்து ஒலித்து, சூடேறியதும் ஓசை தணிந்தால், அது பெரும்பாலும் கசிவே. வெப்பத்தால் உலோகம் விரிந்து இடுக்கை மூடிக்கொள்கிறது, அவ்வளவே, பழுது நீங்கிவிடவில்லை. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது ஓசை கூடுவதும், இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு படிந்திருப்பதும் மற்றச் சான்றுகள். மோட்டார் சைக்கிளில், வேகத்தைக் குறைக்கும்போது குழலினுள் ‘பட் பட்’ என்று வெடியோசை கேட்டால், முன்னிணைப்பின் கசிவு வழியே வெளிக்காற்று உட்புகுந்து, எரியாமல் எஞ்சிய பெட்ரோலை அங்கே எரியச் செய்கிறதோ என ஆராய வேண்டும்.

கசிவின் இடத்தைக் காண மேஸ்திரிகள் கையாளும் வழிகள் எளியவை. நீண்ட இரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இணைப்புதோறும் நகர்த்துவர். கசியும் இடத்தில் ஓசை காதைக் குத்தும். மருத்துவர் நெஞ்சை ஆராயும் முறையும் இதுவேயன்றோ? மற்றொரு வழி: திறந்த வெளியில் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, தடித்த ஈரத்துணியைக் கையுறை அணிந்த கையால் குழலின் கடைவாயில் ஒருசில நொடி மட்டும் பிடிப்பர். குழல் முழுமையாக இருந்தால் வாயு துணியை வலிந்து தள்ளும். கசிவு இருந்தால் அந்த இடத்தில் ‘உஸ்’ என்று சீறும். இது பழகியவர் செய்வது. மாணவர் செய்து பார்க்கத் தக்கதன்று.

இக்கசிவை அற்பமென்று எண்ணிவிடல் ஆகாது. எரிதல் முற்றுப்பெறாத இடத்தில் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்ளும். பற்றியபின் உயிர்க்காற்றுக்கு அங்கே இடமில்லை. வண்டியின் பின்புறத்தே காற்றில் கலந்து போகவேண்டிய இது, முன்புறக் கசிவால் ஓட்டுநர் அமரும் அறைக்குள் ஏறுமாயின் என்னாகும்? முதலில் தலைநோவு, அடுத்து மயக்கமும் குமட்டலும், பின்னர் விழியாத உறக்கம். டீசல் எஞ்சின் இவ்வாயுவைப் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே வெளியிடும். ஆயினும் அறவே இல்லையென்று சொல்ல இயலாது. துறைமுக வாயிலை நோக்கிப் பெட்டக லாரிகள் நீண்ட வரிசையில் மணிக்கணக்காகக் காத்து நிற்பது வடசென்னையில் பழகிப்போன காட்சி. ஓட்டுநர்கள் அயர்ந்து அறையிலேயே கண்ணயர்வர். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கண்ணாடிகள் அடைத்திருக்க, அடியில் கசிவும் இருந்துவிட்டால், அவ்வுறக்கம் பேரிடராகக்கூடும். பாதி மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு வேலை செய்வதும் இதே காரணத்தால் தவிர்க்கத் தக்கது. வாயுவை மூக்கு அறியாது; ‘டிக் டிக்’ என்னும் ஓசை ஒன்றே முன்னறிவிப்பு.

புதுவகை வண்டிகளில் கசிவுக்கு வேறொரு கேடும் உண்டு. 1995 முதல் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களில், நச்சுப்புகையை மாற்றும் வினையூக்கிக் கலம் பொருத்தப்பட்டது. எரிபொருளின் அளவைத் திருத்துவதற்காக ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவியும் பின்னர்க் குழலில் இடம்பெற்றது. அவ்வுணர்கருவிக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து அளவு பொய்க்கும். எஞ்சின் வேண்டாத எரிபொருளைக் குடிக்கும். ஓசைக்கு அஞ்சாதவர் செலவுக்கேனும் அஞ்ச வேண்டும்.

திரிதல் என்பது அதிர்வைப் பற்றியது. இங்கேதான் பிழையான சிகிச்சைகள் மிகுதி. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி முழுவதும் ‘ஹூம்’ என்று முழங்கி நடுங்கும். வேகம் சிறிது கூடினாலும் குறைந்தாலும் அந்நடுக்கம் மறையும். ஊஞ்சலை எப்போது வேண்டுமானாலும் தள்ளினால் அது உயர்வதில்லை. அதன் போக்கோடு ஒத்துத் தள்ளினால் சிறுவன் கைவிசையே போதும், ஊஞ்சல் விண்ணளாவும். குழலுக்கும் தனக்கென ஓர் ஆடல் வேகம் உண்டு. எஞ்சினின் துடிப்பு அதனோடு ஒத்துவிட்டால் குழல் ஊஞ்சலாகிவிடும். இதனை ஒத்ததிர்வு என்பர். குழல் இரப்பர்த் தாங்கிகளில் தொங்கும்வரை அவ்வாட்டம் சட்டத்திற்கு ஏறாது. இரப்பர் வெப்பத்தால் இறுகிக் கல்லானாலோ, அறுந்து குழல் சட்டத்தைத் தொட்டாலோ, வண்டியே முழவாகிவிடுகிறது.

முதலில் அறியவேண்டுவது, நடுக்கம் எஞ்சினைச் சார்ந்ததா சக்கரத்தைச் சார்ந்ததா என்பது. வண்டியை நிறுத்தி வைத்தே எஞ்சினை அதே சுற்றளவுக்கு உயர்த்திப் பார்ப்பர். நின்ற நிலையிலும் நடுங்கினால், காரணம் எஞ்சினிலோ புகைக்குழலிலோ இருக்கிறது. ஓடும்போது மட்டுமே நடுங்கினால், சக்கரத்தையும் பின்னச்சுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் தண்டையும் ஆராய வேண்டும். குழல்தான் என்று துணிந்தபின், மரத்துண்டு ஒன்றால் அதனைச் சற்றே நெம்பித் தாங்குவர். அதிர்வு சட்டென்று அடங்கினால் அவ்விடமே குற்றமுள்ள இடம். சில சமயம் குழலின் ஓர் இடம் உராய்ந்து உராய்ந்து வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருக்கும். அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுவதில்லை. மேட்டுப்பள்ளத்தில் மட்டும் ‘டக்’ என்று இடித்தால் தாங்கி அறுந்தது. குளிர்ந்த ஒலியடக்கியை மரச்சுத்தியால் மெல்லத் தட்டும்போது உள்ளே ‘கடகட’வென்றால் தடுப்புத் தகடு கழன்றது.

ஆடுகின்ற குழலை அசையாதபடி இரும்புப் பட்டையால் சட்டத்தோடு இறுகக் கட்டிவிட்டால் அதிர்வு நின்றுவிடும் என்று சிலர் கருதுவர். சில நாள் நிற்கவும் செய்யும். பிறகு குழல் பிளக்கும்; சில போது விலையுயர்ந்த மேனிபோல்டே வெடிக்கும். காரணம் வெப்பம். 2 மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழல் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீளும். இரண்டு விரல் அகலத்திலே கால்பங்கு என்று கொள்ளலாம். அந்நீட்சிக்கு இடங்கொடாமல் இருமுனையும் கட்டுண்டால், இரும்பு தானே இடம் செய்துகொள்கிறது, அதுவே வெடிப்பு. தளர்ச்சியால் வரும் ஓசையும் உண்டு. இறுக்கத்தால் வரும் ஓசையும் உண்டு. எல்லாவற்றுக்கும் முடுக்குதலே மருந்தென்று கொள்வது அறியாமை.

ஓர் இடத்தில் பற்றவைத்த குழல் மீண்டும் மீண்டும் அதே இடத்தில் முறிந்தால், முறிந்த இடத்தை விட்டு வேறிடம் பார்க்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் இரப்பர்கள் நைந்திருந்தால், எஞ்சின் தன்னிடத்தில் தள்ளாடும். ஒவ்வொரு தள்ளாட்டமும் குழலை வளைக்கும். முறிவு குழலில், காரணம் எஞ்சின் தாங்கியில். குழலை எத்துணைத் திறமையாகப் பற்றவைத்தாலும் இங்குப் பயனில்லை.

இனிக் கெடுதல். முன்னே கம்பீரமாக ஒலித்த எஞ்சின் நாளடைவில் அமைதியாகிறது; உடையவர் மகிழ்கிறார். ஆனால் மேட்டில் ஏறத் திணறுகிறது, வேகம் எடுக்க மறுக்கிறது. உள்ளே கரியோ உடைந்த தகடோ வழியை அடைத்துவிட்டது. வெளியேற வேண்டிய வாயு வெளியேறாவிட்டால், புதுக்காற்று உள்ளே வர இடமேது? முன்னிணைப்பைச் சற்றே தளர்த்தி ஓடவிட்டுப் பார்த்தால், ஓசை கூடி வலிமை திரும்பும், அடைப்பு உறுதியாகும். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புகைக்கட்டுப்பாட்டு நெறிக்கேற்பச் செய்யப்படும் டீசல் லாரிகளில், கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தொடர்ந்து வேகமாக ஓடிச் சூடேறினால் பிடித்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். வரிசையில் நின்று ஊர்ந்தே காலங்கழிக்கும் லாரிகளில் அச்சூடு கிட்டாமல் வடிகட்டி அடைபடுகிறது.

வடசென்னை வண்டிகளுக்கு உள்நாட்டு ஊர்களில் இல்லாத பகை ஒன்று உண்டு, அது கடற்காற்று. உப்பு கலந்த ஈரம் குழலை வெளியிலிருந்து அரிக்கிறது. எரிதலில் பிறந்த நீர் புகையிலுள்ள அமிலத்தன்மையோடு கூடி உள்ளிருந்து அரிக்கிறது. நீண்டதூரம் ஓடும் வண்டியில் குழல் நன்கு சூடேறி உள்நீர் ஆவியாகிவிடும். இராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டைக்கும் மீண்டும் வீட்டுக்குமாகக் குறுந்தொலைவு மட்டும் ஓடும் வண்டியில் நீர் தங்கிவிடும். ஆதலால் குறைவாக ஓடிய வண்டியின் ஒலியடக்கி மிகுதியாக ஓடியதற்கு முன்னே இற்றுப்போவதைக் காணலாம். ‘நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்?’ என்று மேஸ்திரி கேட்பது வீண் பேச்சன்று. இற்ற தகட்டின்மேல் ஒட்டுப்போடுவதும் வீண்வேலை. பற்றவைக்கும் வெப்பத்தில் பக்கத்துத் தகடு மேலும் மெலிந்து, அடுத்த திங்களே அங்கொரு துளை விழும். நல்ல தகடு வரும்வரை வெட்டி நீக்கிப் புதுத்துண்டு சேர்த்தல் வேண்டும். இயலாதாயின் ஒலியடக்கியையே மாற்றுதல் நன்று.

பழுதால் எழும் ஓசை ஒருபுறமிருக்க, விரும்பிச் செய்துகொள்ளும் ஓசையும் உண்டு. புல்லட்டின் குரலைப் பெருமையெனக் கருதும் இளைஞர் சிலர், ஒலியடக்கியின் தடுப்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அல்லது வெற்றுக்குழலை மாட்டிக்கொண்டு, இரவில் தெரு அதிரச் செல்கின்றனர். ஓசை மிகுந்தால் வலிமை மிகும் என்பது அவர் எண்ணம். குழலின் நீளமும் அகலமும் அந்த எஞ்சினுக்கென்று கணக்கிட்டு அமைந்தவை. அதனைக் குலைத்தால் வேகம் கூடும் என்பதற்கு உறுதியில்லை, குறைதலே பெரும்பான்மை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வண்டியும் ஒலியடக்கி பெற்றிருத்தல் வேண்டும் என்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பிட்டன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரையுள்ள இடம் அமைதிப் பகுதியாக வகுக்கத்தக்கது. அங்கே பகலில் 50, இரவில் 40. டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இராயபுரத்தை அடுத்து ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. பிள்ளைப்பேற்றுக்கென்றே அமைந்த இராமசாமி முதலியார் மருத்துவமனையும் இராயபுரத்திலேயே இருக்கிறது. அன்று பிறந்த குழவியும் அறுவை முடிந்து கிடக்கும் நோயாளியும் அவ்வெற்றுக்குழலின் ஓசையைக் கேட்டே ஆகவேண்டியவர்கள். அவர்களால் சன்னலைக்கூட எழுந்து மூட இயலாது.

பழுது இன்னதென்று தெரிந்தபின் செய்யும் வேலை பெரிதன்று. ஆனால் முறை தவறக்கூடாது. எஞ்சின் முற்றும் ஆறவேண்டும். துருவேறிய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டுக் காத்திருத்தல் வேண்டும். அவசரப்பட்டுத் திருகினால் ஆணி முறிந்து, ஒருமணி வேலை ஒருநாள் வேலையாகும். நசுங்கிய பழைய கேஸ்கட்டை மீண்டும் போடுதல் கூடாது. அது ஒருமுறை நசுங்கி வடிவம் கொண்டது, மறுமுறை பொருந்தாது. இரு முகங்களிலும் ஒட்டிய கரியைச் சுரண்டித் துடைத்த பின்னரே புதிய தகட்டை வைக்க வேண்டும். மேனிபோல்டின் திருகாணிகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமுமாக மாற்றி மாற்றி, சிறிது சிறிதாக இறுக்குவர். ஓர் ஓரத்தை முதலில் முழுதும் இறுக்கினால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும்.

குழல் வரிசையைப் பொருத்துவதில் தான் மேஸ்திரியின் கைத்திறம் வெளிப்படுகிறது. எல்லா இணைப்புகளையும் முதலில் தளர்வாகவே மாட்டுகிறார். குழல் வலிந்து வளையாமல், தன்னெடையில் இரப்பர்த் தாங்கிகளில் ஒழுங்காகத் தொங்குமாறு விடுகிறார். சட்டத்திற்கும் குழலுக்கும் இடையே விரலை நுழைத்து நுழைத்துப் பார்க்கிறார். விரல் தடையின்றிச் செல்லும் இடைவெளி எங்கும் வேண்டும். அதன் பின்னரே எஞ்சினை அடுத்த இணைப்பில் தொடங்கிப் பின்னோக்கி ஒவ்வொன்றாக முடுக்குகிறார். வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, முன்போலவே சற்று விலகி நின்று காது கொடுக்கிறார். பணத்தை வாங்கிக்கொண்டபின், ‘நாளை ஒரு நடை ஓட்டிவிட்டு வாருங்கள், ஆறிய பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும்’ என்கிறார். புதிய கேஸ்கட் முதற்சூட்டில் நசுங்கி அமர்வதால் திருகாணிகள் சற்றே தளர்ந்திருக்கும். மறுநாள் அவற்றை இன்னொரு கால்சுற்று முடுக்கியபின், வண்டி மீண்டும் துறைமுகச் சாலையில் பெட்டக லாரிகளின் வரிசையில் சேர்ந்துகொள்கிறது.